விண்வெளிப் படங்களுக்கு நாசா, இஸ்ரோ சொல்லும் விளக்கத்தை அமெச்சூர் வானியலாளர்கள் மறுக்கிறார்களே, அவர்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

நானும் ஒருமுறை அப்படி மறுத்து மூக்குடைபட்டவன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

2020 அக்டோபரில் செவ்வாய் பூமியை நன்றாக நெருங்கி வந்தது. மொட்டை மாடியில் என் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. அதில் ஒரு சின்ன கேமராவைச் செருகி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வீடியோ எடுத்தேன். டாப்சோனியன் தானாகச் சுழலாது. கோள் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறிவிடும், குழாயைக் கையால் தள்ளி மறுபடி பிடிக்க வேண்டும். அப்படிச் சேர்த்த சில ஆயிரம் பிரேம்களில் நல்லதை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஷார்ப்பன் செய்தால் ஒரு படம் வரும். வந்தது. செவ்வாயின் வெளிச்சமான ஓரத்துக்குச் சற்று உள்ளே, அந்த ஓரத்தை ஒட்டியே வளைந்து போகும் ஒரு மெல்லிய கருங்கோடு!

தூக்கம் போய்விட்டது. அது தூசிப் படலத்தின் எல்லை என்றும், எந்த விண்கலப் படத்திலும் இது காட்டப்படவில்லை என்றும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய பத்தி எழுதிப் போட்டேன். குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு, முப்பது வருடமாகக் கோள்களைப் பார்ப்பவர். காலையில் அவரிடமிருந்து ஒரே வரி: "தம்பி, ஷார்ப்பன் பண்ணாத படத்தை அனுப்புங்க."

எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. பளிச்சென்ற ஓரமும் கறுத்த வானமும் சந்திக்கும் இடத்தில், தொலைநோக்கிக்குள் ஒளி வளைவதால் மிக மெல்லிய ஓர் ஏற்ற இறக்கம் உண்டாகும். மென்பொருள் அதைப் பிடித்து இழுத்துக் கோடாக்கிவிடும். செவ்வாயைப் படமெடுக்கிற எல்லாருக்கும் பழகிய தொல்லையாம் இது. எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஒரு படத்தைக் காட்டி யார் என்ன சொன்னாலும், அது நாசாவாக இருந்தாலும் சரி, யூடியூப் சேனலாக இருந்தாலும் சரி, நான் கேட்பது ஒன்றுதான்: இதே இடத்தை எடுத்த இன்னொரு படம் எங்கே?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு ஜெயித்தவர் நம் ஊர்க்காரர். சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் தொடர்பிழந்து நிலவில் மோதியது. நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் செப்டம்பர் 17 அன்று அந்தப் பகுதிக்கு மேலே போனபோது எடுத்த படங்களை 26ஆம் தேதி வெளியிட்டார்கள். லேண்டரை அதில் அடையாளம் காண முடியவில்லை என்பதுதான் அப்போதைய அதிகாரப்பூர்வ நிலை. அதற்கு அவர்கள் சொன்ன காரணமும் நியாயமானது. அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது சுமார் 1.3 மீட்டர். விக்ரமே இரண்டரை மீட்டர்தான், அதாவது முழுசாக நின்றிருந்தாலும் இரண்டு பிக்சல். அதோடு சூரியன் அடிவானத்துக்கு மேலே வெறும் 6 டிகிரியில். அந்தச் சாய்வில் ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு ஒன்பதரை மீட்டர் நிழல் விழும். படம் முழுக்கக் கறுப்பு நாக்குகள்.

சென்னையில் வேலை பார்த்துவந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மோதலுக்கு முன் எடுத்த பழைய படம், இன்னொன்றில் புதிய படம். இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெண்புள்ளி புதியதில் இருந்தது. மிகைப்படுத்தவில்லை, ஒரே ஒரு பிக்சல். அந்த இடத்தைக் குறித்து நாசாவுக்கு எழுதினார். அவர்கள் அதைக் கிண்டல் செய்யவும் இல்லை, உடனே தலையாட்டவும் இல்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் விண்கலம் அந்தப் பக்கம் போனபோது மறுபடி எடுத்த படங்களில் தேடினார்கள். நவம்பர் படத்தில் வெளிச்சமும் நன்றாக இருந்தது, பிக்சலும் 0.7 மீட்டராகச் சுருங்கியிருந்தது. மோதிய பள்ளம், சிதறிய மண், தெறித்த துண்டுகள் எல்லாம் அதில் தெரிந்தன. டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லியே நாசா அறிவித்தது. அவர் பிடித்த துண்டு, மோதிய இடத்திலிருந்து வடமேற்கில் சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது. (நிலவைச் சுற்றும் எங்கள் ஆர்பிட்டர் முன்பே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று இஸ்ரோ தலைவர் சிவன் அப்போது சொன்னார். இஸ்ரோ செப்டம்பரிலேயே அப்படி அறிவித்தது உண்மைதான். ஆனால் ஊர் பார்க்கும்படி படத்தை வெளியிடாதபோது அந்த அறிவிப்பை நாம் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?)

அதே சண்முகம் 2020 ஆகஸ்டில், விக்ரமுக்குள் இருந்த பிரக்யான் ரோவர் உடையாமல் லேண்டரிலிருந்து சில மீட்டர் உருண்டு வந்திருக்கிறது என்று இன்னொரு படத்தை வைத்துச் சொன்னார். அது முதலாவதைப் போல உறுதிப்படவில்லை. அதே ஆள், அதே கண், அதே உழைப்பு. ஆகவே யார் சொன்னார் என்பதை வைத்து நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்காதீர்கள் என்பேன்.

சரி, நீங்கள் ஒருவேளை மனதில் வைத்துக் கேட்டிருக்கக்கூடிய செவ்வாய் முகத்துக்கு வருகிறேன். வைக்கிங்-1 விண்கலம் 1976 ஜூலை 25 அன்று சைடோனியா என்ற பகுதியை எடுத்தது. ஒரு மேட்டில் கண், மூக்கு, வாய். நிழல் செய்யும் மாயம் என்று சொல்லித்தான் நாசாவே அதை வெளியிட்டது. அதன் பிறகு வந்த புத்தகங்களையும் டிவி நிகழ்ச்சிகளையும் விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது அந்த ஆரம்பகாலச் சந்தேகக்காரர்களில் இருவர். வின்சென்ட் டிபியெட்ரோ, கிரிகரி மோலனார் என்ற இந்தப் பொறியாளர்கள் வெறும் வாயை மெல்லவில்லை. கோப்புக் குவியலைக் கிளறி, அதே மேட்டின் இரண்டாவது படத்தைத் தேடி எடுத்தார்கள். முதல் படம் விண்கலத்தின் 35ஆவது சுற்றில் எடுத்தது, இது 70ஆவது சுற்றில், சூரியன் இன்னும் கொஞ்சம் மேலே இருந்தபோது. கேள்வி சரி, தேடலும் சரி. ஆனால் அந்தப் படமும் கிட்டத்தட்ட அதே மங்கல். ஒரு பிக்சலுக்கு நாற்பது ஐம்பது மீட்டர் என்றால் நம் ஊர்ப் பெரிய கல்யாண மண்டபமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து கண்விழியும் பல்வரிசையும் எடுக்கப் போனதுதான் பிழை.

அந்த முதல் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். படமெங்கும் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை செவ்வாயில் இல்லை. பூமிக்கு வரும் வழியில் தொலைந்த தகவல்கள். அவற்றில் ஒன்று சரியாக மூக்குத் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது! பக்கத்துப் பாறைமேல் கிடக்கும் இன்னொரு புள்ளியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

1998 ஏப்ரலில் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் அதே மேட்டைப் பத்து மடங்கு துல்லியமாக எடுத்தது. வெறும் மேடு. மெல்லிய மேகம் மறைத்துவிட்டது என்று சிலர் விடவில்லை. 2001 ஏப்ரலில் தெளிந்த வானத்தில், ஒரு பிக்சலுக்கு ஒன்றரை மீட்டர் என்ற கணக்கில் மீண்டும் எடுத்தார்கள். அரிக்கப்பட்ட, தட்டையான ஒரு குன்று. இதற்கு மேலும் முகம் தெரிகிறது என்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

என் மாமா ஒருவர் இருக்கிறார், அம்மாவின் தம்பி. விண்வெளி பற்றி எது வந்தாலும் எனக்கு ஃபார்வர்ட் செய்துவிடுவார். 2022 மேயில் செவ்வாயில் ஓடும் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் எடுத்த படத்தில் பாறையில் வெட்டிய வாசல் மாதிரி ஒன்று இருந்ததே, அதை அனுப்பிவிட்டு உடனே போனும் செய்தார்.

"என்னடா, கதவே வச்சிருக்கான். இதுக்கும் பாறைன்னுதான் சொல்வியா?"

"மாமா, அதோட உயரம் எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

"ஆளு நுழையற உயரம்தான்."

"முப்பது சென்டிமீட்டர். நம்ம வீட்டுப் பூனைதான் நுழையும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அங்க ஆளுங்க குள்ளமா இருப்பாங்களோ என்னவோ" என்று வைத்துவிட்டார். வெறும் பாறை விரிசல்தான் அது. படத்தை நெருக்கமாக வெட்டிப் பகிர்ந்ததால் சுற்றியிருந்த மலைச்சரிவு காணாமல் போய், அளவும் காணாமல் போய்விட்டது.

2014 ஏப்ரலில் இதே ரோவர் படத்தில் அடிவானத்தில் விளக்கு எரிவது போல ஒரு வெள்ளைக் கீற்று வந்து பரபரப்பானதும் நினைவிருக்கலாம். ரோவரின் வழிகாட்டிக் கேமராவுக்கு நம்மைப் போல வலம், இடம் என்று இரண்டு கண்கள். வலது கண் படத்தில் கீற்று இருந்தது, ஒரு நொடிக்குள் எடுத்த இடது கண் படத்தில் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவின் சென்சாரில் பட்டிருக்கலாம், அல்லது ஏதாவது பாறை அந்த ஒரு கோணத்தில் மட்டும் மின்னியிருக்கலாம் என்றார்கள். இரண்டு படங்களும் பொதுவெளியிலேயே இருந்தன. பகிர்ந்தவர்கள் வலது கண்ணை மட்டும் பகிர்ந்தார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் தரும் படமும் வெட்டி ஒட்டாத சத்தியம் இல்லை. நெப்டியூன் என்றால் கருநீலம் என்றுதானே படித்தோம்? 1989இல் வாயேஜர்-2 விண்கலம் எடுத்த படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரிவதற்காக நீலத்தைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அறிவியலாளர்களுக்கு அது தெரியும். படம் பாடப்புத்தகத்துக்கும் போஸ்டருக்கும் போனபோது அந்தக் குறிப்பு மட்டும் கழன்று விழுந்துவிட்டது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பேட்ரிக் இர்வின் குழு 2024 ஜனவரியில் வண்ணத்தைச் சரியாகக் கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான், அதுவும் யுரேனஸ் மாதிரி வெளிர் பச்சை கலந்த நீலம்தான் என்று பொதுமக்கள் பக்கம் செய்தி வந்தது. ஆக, "இந்தக் கலர் நிஜமா?" என்று கேட்பவரை முட்டாள் என்று தள்ளாதீர்கள். பாதி நேரம் அவர் சரியான இடத்தில்தான் தட்டுகிறார்.

இந்த விஷயத்தில் எனக்குக் குரு மாதிரி ஒருவர் உண்டு, ஆஸ்திரேலியாவின் ஆண்டனி வெஸ்லி. கம்ப்யூட்டர் புரோகிராமர். 2009 ஜூலை 19 இரவு, கான்பெராவுக்குப் பக்கத்தில் தன் வீட்டிலிருந்து வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வானம் ஒத்துழைக்கவில்லை, மூடிவிட்டுப் படுக்கலாமா என்று யோசித்து, கொஞ்ச நேரம் வீட்டுக்குள் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். தென்துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. வழக்கமான புயல் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அது வண்ண வேறுபாடே இல்லாமல் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. சரி, ஏதோ துணைக்கோளின் நிழலோ என்று பார்த்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்த நிழலும் விழக் கணக்கில்லை. மேலும் அது பக்கத்திலிருந்த ஒரு வெள்ளைப் புயலோடு ஒரே வேகத்தில் நகர்ந்தது, அப்படியானால் கோளோடு ஒட்டியிருக்கிறது. கடைசியாகத் தன் சொந்தக் கோப்பைத் திறந்தார். சரியாக இரண்டு இரவுகளுக்கு முன் அதே பகுதியை அவரே எடுத்திருந்தார். அதில் புள்ளி இல்லை.

அதன் பிறகுதான் தெரிந்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார். ஹவாயில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். ஏதோ ஒன்று மோதிய தழும்பு என்று உறுதியானது. 1994இல் ஷூமேக்கர்-லெவி வால்நட்சத்திரம் வியாழனில் மோதி சரியாகப் பதினைந்து வருடம். தனக்குத் தோன்றிய ஒவ்வொரு சாதாரண விளக்கத்தையும் தானே ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஊரைக் கூப்பிட்டார் பாருங்கள், அந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நான் செவ்வாய்க் கோட்டில் செய்தது நேர் தலைகீழ் வரிசை.

நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் எல்லாம் இலவசம். நிலவுக்கு எல்ஆர்ஓ குழுவின் குவிக்மேப், கியூரியாசிட்டிக்கு நாசாவின் மூலப்படப் பக்கம், சந்திரயான்-2க்கு இஸ்ரோவின் பிரதான் தளம். நிலவுப் படத்தைத் திறந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். கீழிருந்து வந்தால் பள்ளமெல்லாம் குமிழாகத் தெரியும், படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மறுபடி பள்ளமாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பரில் விக்ரமைத் தேடிய பல்லாயிரம் பேரில் நானும் ஒருவன். என்னிடம் இருந்தது புதிய படம் மட்டும். பழையதை இறக்கிப் பொருத்திப் பார்க்கச் சோம்பல். ஐந்து இரவுகளில் பதினொரு விக்ரம்களைக் கண்டுபிடித்து வட்டம் போட்டு வைத்தேன். நவம்பர் படம் வெளிவந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஒன்பது பாறை, இரண்டு சின்னப் பள்ளத்தின் விளிம்பு. சண்முகம் பிடித்த அந்த ஒற்றைப் பிக்சல் என் ஸ்கிரீன்ஷாட் ஒன்றிலும் இருக்கிறது, நான் போட்ட ஆறாம் நம்பர் வட்டத்துக்குச் சற்று வெளியே.