குடும்பம், தலைமுறை பற்றி ஆங்கிலத்தில் புதிதாக வந்த சொற்களில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது?

பிடித்தது சாண்ட்விச் ஜெனரேஷன். பிடிக்காதது பூமர், அதிலும் நம் ஊரில் அதைப் பயன்படுத்துகிற விதம்.

ஒரு பக்கம் வயதான பெற்றோர், இன்னொரு பக்கம் படிக்கிற பிள்ளைகள், இருவரையும் கவனிக்க வேண்டிய நடுவயதுக்காரர்கள்தான் சாண்ட்விச் ஜெனரேஷன். டோரதி மில்லர் என்ற அமெரிக்கச் சமூகப் பணியாளர் 1981-ல் ஒரு கட்டுரையில் இதை எழுதினார். ஹெலிகாப்டர் பேரன்ட் (பிள்ளைகளின் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டு எல்லாவற்றிலும் தலையிடும் பெற்றோர்), ஷேரன்டிங் (பிள்ளைகளின் போட்டோவை ஓயாமல் இணையத்தில் போடுவது) போன்றவை பெற்றோரைக் குறை சொல்ல வந்த சொற்கள். இது அப்படி இல்லை, அவர்கள் படும் பாட்டைப் புரிந்துகொண்டு வைத்த பெயர்.

எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு அம்மாவுக்குச் சுகர் பார்த்து இன்சுலின் போட வேண்டும். போட்டபின் சாப்பிடவும் வைக்க வேண்டும், "அப்புறம் சாப்பிடுறேன்" என்று அவர் படுத்துவிட்டால் ஆபத்து. அதே நேரத்தில் தெருமுனையில் மகளின் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். இந்த இரண்டையும் யாராவது சேர்த்துப் பார்த்திருக்கிறார்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால் ஆபீசில் உடனே புரிந்துகொள்கிறார்கள். அம்மாவுக்கு ஸ்கேன் என்றால், "வீட்டில் வேறு ஆள் இல்லையா?" என்கிறார்கள். அமெரிக்காவில் 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், கடுமையான நோயில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் வருடத்துக்கு 12 வாரம் விடுப்பு எடுக்கலாம். சம்பளம் கிடையாது, எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. ஆனாலும் திரும்பி வந்தால் வேலை இருக்கும். அப்படி ஒன்று இங்கேயும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நம் வீடுகளில் நடுவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெண்கள்தான். மாமனார் மாமியாரும் அவர்கள் கணக்கில்தான் வருவார்கள்.

சரி, பூமருக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு திடீரென்று கூடியது. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களை பேபி பூமர் என்கிறார்கள். நல்ல சம்பளமும் கட்டுப்படியாகும் விலையில் வீடும் அந்தத் தலைமுறையில் பலருக்குக் கிடைத்தன. இன்று கல்விக்கடனிலும் வாடகையிலும் திணறுகிற அமெரிக்க இளைஞர்களுக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. 2019-ல் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் க்ளோயி ஸ்வார்பிரிக் என்ற இளம் உறுப்பினர், காலநிலை பற்றிப் பேசும்போது குறுக்கிட்டவரைப் பார்த்து "ஓகே பூமர்" என்றது உலகம் முழுக்கப் பரவியது.

நம் ஊரில் அதே வயதுக்காரர்களின் கதை வேறு. என் அப்பா 1953-ல் பிறந்தவர். அறுபதுகளின் நடுவில் அரிசி கிடைக்காமல் நாடே தவித்தபோது ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்ற பையன். 1967 தேர்தலில் இங்கே அரிசி எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பது பலருக்குத் தெரியும். தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதே என்று அவர் சொன்னால் "பூமர் அங்கிள்" என்று சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது முப்பத்தைந்து வயதுக்காரர் ஒரு புத்தி சொன்னாலும் பூமர்தான்!

அப்பாவிடம் ஒப்புக்கொள்ள முடியாத கருத்துகளும் உண்டு. பேத்தி வெளியூர் போய்ப் படிப்பதில் அவருக்கு இன்னும் சம்மதமில்லை. அவள் தாத்தாவோடு உட்கார்ந்து காரசாரமாக வாதாடுகிறாள், நான் அவள் பக்கம்தான்.