ஏழு நாள் விடுப்பில் மெக்சிகோவின் ஒரிசாபா எரிமலையை ஏறிவிட முடியுமா?

கேள்வி: ஹூஸ்டனில் வேலை. கிளிமஞ்சாரோ ஏறியாயிற்று. அடுத்து பிகோ தே ஒரிசாபா போக ஆசை. ஏழு நாள் விடுப்பு போதுமா? வழிகாட்டி இல்லாமல் போகலாமா? என்னென்ன சாமான் வேண்டும்?

பதில்: போதாது. பதினொரு நாள் வேண்டும். ஏழுதான் கிடைக்கும் என்றால் ஒரிசாபாவை இந்தத் தடவை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் வேறு இரண்டு எரிமலைகளை ஏறிவிட்டு வாருங்கள். அவை எவை என்று கீழே வருகிறது. கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) மாட்டிக்கொண்டு ஐஸ் சரிவில் நடந்து பழக்கம் இல்லாதவர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. கிளிமஞ்சாரோ ஏறியது அந்தப் பழக்கத்தில் சேராது.

ஒரிசாபா 5,636 மீட்டர். வட அமெரிக்காவில் தெனாலி, லோகன் இரண்டுக்கும் அடுத்த உயரம், அந்தக் கண்டத்து எரிமலைகளில் முதல் இடம். கிளிமஞ்சாரோவைவிட 260 மீட்டர் குறைவுதானே என்று அலட்சியம் வருவது இயல்பு. ஆனால் கிளிமஞ்சாரோவில் மச்சாமே வழியாகப் போயிருந்தால், நாள்கணக்கில் நடந்தே உயரம் சேர்த்திருப்பீர்கள். பகலில் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏற்றி, ராத்திரி 3,900 சொச்சத்தில் இருக்கும் பரான்கோவுக்கு இறக்கித் தூங்க வைத்திருப்பார்கள். உடம்பு பழகும்படி அந்த வழியே அமைந்திருக்கிறது. ஒரிசாபாவில் அந்த வேலையை நீங்களேதான் திட்டம் போட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

ஏனென்றால் இங்கே பாதி மலையை ஜீப் ஏறிவிடுகிறது. அடிவார ஊரான ட்லாச்சிசூக்கா சுமார் 2,600 மீட்டரில் இருக்கிறது. அங்கே வண்டி பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் 4,260 மீட்டரில் உள்ள பியெத்ரா கிராந்தே குடிலில் இறங்கலாம். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இங்கே ஒரே மதியத்தில் 1,600 மீட்டருக்கு மேல் கூடுகிறது. போதாக்குறைக்கு அன்று நள்ளிரவே எழுந்து மேலும் 1,370 மீட்டர் ஏற வேண்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. வியாழன் விமானம், சனி ராத்திரி ஏற்றம் என்று வருகிறவர்களை மலையின் செங்குத்து அநேகமாகத் திருப்பி அனுப்புவதில்லை. குடிலிலேயே தலைவலியும் வாந்தியும் அனுப்பிவிடும்.

பதினொரு நாளை இப்படிப் பிரியுங்கள். முதல் இரண்டு இரவு மெக்சிகோ சிட்டியில். அந்த நகரமே 2,240 மீட்டரில் இருப்பதால் அதுவும் கணக்கில் சேரும். மூன்றாம் நாள், மேலே சொன்ன இரண்டு எரிமலைகளில் முதலாவதான லா மலின்சேயின் அடிவாரத்துக்குப் போங்கள். சுமார் 3,000 மீட்டரில் அரசின் விடுமுறை விடுதி ஒன்று, காட்டுக்குள் கேபின்களோடு இருக்கிறது. நான்காம் நாள் மலின்சே, 4,461 மீட்டர். கயிறு வேண்டாம், கிராம்பான் வேண்டாம். பைன் காடு முடிந்ததும் மணல் சரிவு வரும். ஒரு அடி வைத்தால் அரையடி பின்னால் வழுக்கும். அதைத் தாண்டினால் பாறை முகடு, பிறகு உச்சி. போய்வர ஏழெட்டு மணி நேரம். இறங்கி அதே கேபினில் தூங்குங்கள். உயரே ஏறித் தாழ்வில் தூங்குவதுதான் இங்கே நோக்கம்.

ஐந்தாம் நாள் அமெகாமெகா ஊர். அங்கே இஸ்தா–போபோ தேசியப் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, பாசோ தே கோர்தேஸ் கணவாய் வழியாக அல்த்சோமோனி குடிலுக்குப் போகலாம். அது கிட்டத்தட்ட 4,000 மீட்டர். ஆறாம் நாள் விடியலுக்கு வெகு முன்பே ஏற்றம் தொடங்கும் இடமான லா ஹோயாவிலிருந்து இரண்டாவது எரிமலையான இஸ்தாசீவாத்தல், சுருக்கமாக இஸ்தா. உச்சி 5,200 மீட்டருக்குச் சற்று மேலே. இந்த மலையில் ஏமாற்றுவது உயரம் மட்டுமல்ல. முகட்டு வழி ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும். பொய் உச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். திரும்பும்போது அத்தனையையும் இன்னொரு தடவை ஏற வேண்டும். போய்வரப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்த அயோலோகோ பனியாறு அழிந்துவிட்டதாக 2018-இல் மெக்சிகோ விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உச்சிக்கு அருகில் மிச்சமிருக்கும் ஐஸ் கொஞ்சம்தான் என்றாலும் அதைக் கடக்க சில மாதங்களில் கிராம்பான் வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இஸ்தாவுக்கு எதிரிலேயே நிற்கும் போபோகாதேபெத்தல் (போபோ) எரிமலை 1994 டிசம்பரிலிருந்து விட்டுவிட்டுப் புகைந்துகொண்டும் சாம்பல் கக்கிக்கொண்டும் இருக்கிறது. அதில் ஏறத் தடை. யாராவது ராத்திரியில் கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள். அது குமுறினால் கணவாய்ச் சாலையையே மூடிவிடுவார்கள், இஸ்தா திட்டமும் போய்விடும். செனாப்ரெட் என்ற அரசு அமைப்பு போபோவின் எச்சரிக்கை நிறத்தைத் தினமும் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் பாருங்கள். மூடியிருந்தால் மலின்சேயில் இன்னொரு இரவு தங்கி இன்னொரு முறை ஏறுவதே நல்ல மாற்று.

ஏழாம் நாள் புவெப்லா நகரில் முழு ஓய்வு, 2,100 சொச்சம் மீட்டர். வயிறு நிறையச் சாப்பிட்டு, துணி துவைத்து, தூங்குங்கள். இந்த ஒரு நாளை வெட்டுகிறவர்கள்தான் அதிகம். எட்டாம் நாள் பியெத்ரா கிராந்தே. ஒன்பதாம் நாள் 4,800 வரை ஏறி, வழியையும் ஐஸின் நிலையையும் பார்த்துவிட்டுத் திரும்பித் தூங்குவது. பத்தாம் நாள் உச்சி. பதினொன்று, வானிலை கெட்டால் கைவசம் இருக்கும் நாள். அது தேவைப்படவில்லை என்றால் மெக்சிகோ சிட்டிக்குத் திரும்பப் பயன்படும்.

குடில் கல்கட்டிடம். இலவசம். மரப் பலகைத் தட்டுகள் அடுக்காக இருக்கும், மெத்தையோ கணப்போ கிடையாது. சனி இரவுகளில் நெரிசல், ஆளாளுக்கு வெவ்வேறு நேரத்தில் எழுந்து அடுப்பு மூட்டுவார்கள். காதடைப்பான் உண்மையிலேயே உதவும். எலி உண்டு. சாப்பாட்டுப் பையை ஆணியில் தொங்கவிடுங்கள். தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ட்லாச்சிசூக்காவிலிருந்தே ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது, பருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அவல், ரவை உப்புமா மிக்ஸ், நூடுல்ஸ், ஓட்ஸ், ஊரில் வாங்கிய தோர்த்தியா (மெக்சிகோ ரொட்டி), அவகாடோ போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கடைகளில் மசித்த பீன்ஸ் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்தது, கேட்டுவிட்டு வாங்குங்கள். கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது. மரை போட்டுத் திருகும் வகைச் சிலிண்டரை மெக்சிகோ சிட்டியில் மலையேற்றச் சாமான் கடைகளிலேயே வாங்கிவிடுங்கள். ட்லாச்சிசூக்காவில் கிடைக்கும் என்று விட்டுவைக்க வேண்டாம்.

இனி ஏற்றம். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் கிளம்புவார்கள். குடிலுக்கு மேலே பழைய கால்வாய்த் திட்டு ஒன்று, அதையொட்டி வழி. பிறகு சரளை. பிறகு லாபெரிந்தோ. பாறைகளுக்கு நடுவே ஐஸ் ஓடைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் பகுதி. இருட்டில் நிறையப் பேர் வழி தப்புவது இங்கேதான். முந்தைய நாள் வந்து பார்த்து ஜிபிஎஸ்ஸில் தடம் பதிந்து வைத்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பின்னால் பாருங்கள், இறங்கும்போது மேகம் சூழ்ந்தால் அந்தப் பார்வைதான் உதவும். மேலே நிற்பவர்கள் உதைத்துவிடும் கற்கள் உருண்டு வரும். ஹெல்மெட் குடில் வாசலிலேயே தலையில் இருக்கட்டும்.

சுமார் 5,000 மீட்டரில் ஹமாபா பனியாறு தொடங்குகிறது. தொடக்கத்தில் சாதாரணச் சரிவு, மேலே போகப்போக 35 முதல் 40 டிகிரி வரை செங்குத்து. பெரிய பிளவுகள் இல்லை. ஆபத்து வேறு. மேற்பரப்பு இறுகிய பனியாக இருந்தால் ஏறுவது சுகம். காற்று பனியைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி ஐஸ் வெளியே வந்திருந்தால் அது வேறு மலை. வழுக்கினால் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியைக் குத்தி நிறுத்திக்கொள்ளலாம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது பனிக்குப் பொருந்தும். கடின ஐஸில் ஆக்ஸின் மூக்கு பதியாமல் துள்ளிவிடும். இரண்டு மூன்று நொடிக்குள் வேகம் பிடித்துவிட்டால் கீழே பாறைகள் வரை நிற்காது.

இதனால்தான் கயிறு பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது முக்கியம். மூன்று பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு, இடையில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் கண்ணாடி ஐஸில் ஏறினால், ஒருவர் விழுந்தால் மூவரும் போவார்கள். இந்தச் சரிவில் அப்படிக் குழுவாக விழுந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. கயிறு கட்டினால் ஐஸ் ஸ்க்ரூ என்ற உலோகத் திருகை ஐஸுக்குள் திருகி இறக்கி, கயிற்றை அதில் மாட்டி, ஒருவர் நகரும்போது இன்னொருவர் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அது மெதுவான வேலை, தெரிந்தவர் வேண்டும். இல்லையென்றால் திரும்ப வேண்டும். பனியாற்று முனையில் ஒரு சோதனை: கிராம்பானை ஒரு தடவை உதையுங்கள். முன்பற்கள் நுனி மட்டும் பதிந்து, ஆக்ஸின் அடிக்கூர் இறங்கவே மறுத்தால் அது கண்ணாடி ஐஸ்.

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை காலம். மழைக்காலத்தில் விழுந்த பனி நவம்பர் வாக்கில் இன்னும் மிச்சமிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவு, ஆனால் ஐஸ் வெளியே வந்திருக்கும் வாய்ப்பும் கூடுதல். வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும் நாட்களில் உச்சியில் நிற்கவே முடியாது. எந்த மாதமானாலும் காலை பதினொன்றுக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள், மதியம் மேகம் ஏறும். ஏற ஏழெட்டு மணி நேரம், இறங்க நான்கு.

சாமானில் காசு போட வேண்டியது பூட்ஸில். அடிப்பகுதி வளையாத, குதிகாலில் கிராம்பான் பூட்டு மாட்டும் பள்ளம் உள்ள பூட்ஸ் வேண்டும். நடைப்பயண ஷூவில் வார் கட்டிய கிராம்பான் கடின ஐஸில் நெகிழ்ந்து கழன்றுவிடும். பன்னிரண்டு பல் இரும்பு கிராம்பான். அலுமினியம் பாறையில் மழுங்கிவிடும். லாபெரிந்தோவில் பாறை மேலேயே அதோடு நடக்க நேரும். ஆக்ஸ் 60 செ.மீ. அளவு. கிராம்பான், ஆக்ஸ், ஹெல்மெட் ட்லாச்சிசூக்காவில் வாடகைக்கு எடுக்கலாம், பூட்ஸை மட்டும் ஹூஸ்டனிலிருந்து கொண்டுபோங்கள். உறிஞ்சு குழாய்ப் பை முதல் மணி நேரத்திலேயே உறைந்துவிடும். அகல வாய் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் ஐஸ் அடியில் கட்டும், வாய் அடைபடாது. ஹெட்லேம்புக்கு லித்தியம் பேட்டரி. பனியாறு ஒளிக்கு ஏற்ற நான்காம் தரக் கண்ணாடி. சாதாரணக் கூலிங் கிளாஸில் அன்று மாலையே கண் எரிந்து பார்வை மங்கும்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் மாத்திரையான அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, இரவு என்று ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கமான அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அதிகம் போகும், அவை பக்கவிளைவுகள்தான். தலைவலி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவர், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர், விடியும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே இறங்க வேண்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெதசோன் கையில் இருப்பது இறங்குவதற்கு அவகாசம் வாங்கத்தான், ஏறுவதைத் தொடர அல்ல. ஜீப் ஓட்டுநரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அவசரத்துக்கு யாரை, எப்படி அழைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிலில் போன் சிக்னலை நம்ப முடியாது.

இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரை இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, கிரீன் கார்டு இருந்தாலும் தேவையில்லை. முத்திரை காலாவதியாகி ஐ-797 தாள் (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் அறிவிப்பு) மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. விமான நிலையக் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் கயிறு கட்டி ஏறும் மலையேற்றம் விலக்கு. விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஏழு நாள்தான் என்றால்: இரண்டு இரவு மெக்சிகோ சிட்டி, இரண்டு இரவு மலின்சே, ஒரு இரவு அல்த்சோமோனி, மறுநாள் இஸ்தா, அதற்கடுத்த நாள் விமானம். 5,200 மீட்டர் ஏறியிருப்பீர்கள். ஒரிசாபாவுக்கு முன்னால் மே, ஜூன் வாக்கில் கலிஃபோர்னியாவின் ஷாஸ்தாவில், அதுவும் ஒரு எரிமலைதான், 4,322 மீட்டர், பனிப் பயிற்சி வகுப்போடு ஒரு வார இறுதி செலவழித்து, அதே ஆண்டு நவம்பரில் பதினொரு நாள் விடுப்பு கேளுங்கள்.