வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் எங்கே தோன்றியது? ஒன்று-இரண்டு-மூன்று எண்ணத் தெரிந்தால் ஆடிவிடலாமா?

கல்யாண வரவேற்பில் ஆடத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணத் தெரிந்தால் போதும் என்று உங்களிடம் சொன்னவர் வியன்னாவில் ஒரு சுற்று ஆடிப் பார்க்கட்டும்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியா, தென் ஜெர்மனி கிராமத்து ஆட்டமான லெண்ட்லர் போன்றவற்றிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்து மண்டபங்களுக்குள் நுழைந்து, 1814-15இல் ஐரோப்பிய அரசுகள் கூடிப் பேசிய வியன்னா மாநாட்டுக்குப் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஜோடி இப்படி நெருங்கி ஆடுவதா என்று 1816இல் லண்டன் 'டைம்ஸ்' திட்டியே எழுதியது. இன்றைக்கு நம் சித்தப்பாக்கள் சொல்வதை அவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்!

இங்கே வியன்னாவுக்கு வேலைக்கு வந்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் நடனப் பள்ளியில் சேர்ந்தோம். தாளம் எனக்குப் பிரச்சினையே இல்லை, தக்கிட தக்கிட என்று வாய் தானாகச் சொல்லும். வேகம்தான் ஆளைத் தள்ளியது. இங்கிலாந்தில் உருவான மெது வால்ட்ஸில் நிமிடத்துக்கு 90 தட்டுக்குள் முடிந்துவிடும், வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய 180. ஆறு காலடிக்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டே, மண்டபத்தையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வர வேண்டும். வலப்பக்கச் சுற்று சீக்கிரம் வந்துவிட்டது. இடப்பக்கச் சுற்றில் ஆண் மூன்றாவது அடியில் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். எழுபது வயது தாண்டிய எங்கள் ஆசிரியை இவரைத் தனியாக இழுத்துப் போய், "முன்னால் போகிறவர் நீளமாக வையுங்கள், பின்னால் போகிறவர் சின்னதாக வையுங்கள், தரையைப் பார்க்காதீர்கள்" என்றார். அன்றைக்கே பிடிபட்டது. இப்போது நாங்கள் இடப்பக்கம் சுற்றினால் உள்ளூர்க்காரர்களே ஒதுங்கி வழி விடுகிறார்கள். பீற்றல் என்று பின்னூட்டம் போடுகிறவர்கள் போடலாம், உழைத்துக் கற்றது.

ஒரே வயிற்றெரிச்சல், நாங்கள் போன ஒரு நடன விருந்தில் மேல்கோட்டை வாங்கி வைக்க ஒரு காசு, குடிக்கிற தண்ணீருக்குத் தனிக் காசு. நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்ததெல்லாம் அப்புறம் எதற்காம்?

சரி, உங்கள் விஷயம். வரவேற்புக்கு மெது வால்ட்ஸே போதும். ரப்பர் அடி ஷூ மட்டும் வேண்டாம், தரையைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் திருகிவிடும். தோல் அடி வைத்தது வாங்குங்கள்.