கடற்கன்னியும் கருங்கல்லும்

அன்புள்ள அண்ணா,

கப்பல் வேலையில் போன மாதம் கோபன்ஹேகன் போனேன். புகழ்பெற்ற கடற்கன்னி சிலை நாலடி சொச்சம்தான். ஏமாந்துபோனேன். நம் துறைமுக வாசலில் இதைவிடப் பெரிதாக ஒன்று வைத்தால் வடசென்னைக்கும் ஓர் அடையாளம் கிடைக்காதா? இங்கே பார்க்க என்ன இருக்கிறது?

ராயபுரத்து வாசகன்

அன்புள்ள தம்பி,

அவ்வளவு தூரம் போய் உயரத்தையா அளந்தீர்கள்? கார்ல்ஸ்பெர்க் பீர் முதலாளி யாகோப்சன் ஒரு பாலே நடனத்தில் மயங்கி, எரிக்சன் என்ற சிற்பியிடம் செய்யச் சொன்ன சிலை அது. 1913இல் வைத்தார்கள். 1964இல் யாரோ தலையை அறுத்துக்கொண்டு போனார்கள், 1998இல் மறுபடியும். 2003இல் வெடிவைத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் சரிசெய்து அதே கல்லில் உட்காரவைத்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் அங்கே பார்க்க வேண்டியது.

துறைமுக வாசல் யோசனையை விடுங்கள். அங்கே கன்டெய்னர் லாரி நகர்ந்தாலே போதும்.

ஆனால் 'பார்க்க என்ன இருக்கிறது' என்று ராயபுரத்துப் பிள்ளை கேட்கலாமா? கொஞ்ச நாளாக நானும் ஒரு சிலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1959இல் மெரினாவில் வைத்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அவ்வளவு மணல் எப்படி வந்தது? நம் கடல் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகச் சுவர் எழும்பியதும் அது குறுக்கே நின்று மறித்தது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. நம் கரையைக் கடல் தின்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கம் வரை கருங்கல் கொட்டிக் கிடப்பது அதனால்தான். மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் நம் பங்கு மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறான் என்பார்கள். ஆமாம், சண்டைதான்.

எங்கள் ஆயா சாயங்காலம் அந்தக் கல் ஒன்றின்மேல் காலை மடக்கி உட்காரும். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சுண்ணாம்பு ஒட்டிய விரலைக் கடலுக்குள் நீட்டும்: "அந்தாண்ட அலை ஒடையுது பாரு, அங்கதான் எங்கம்மா அடுப்பு இருந்துச்சு."

லீவில் வந்தால் சொல்லுங்கள், அந்தக் கல்லைக் காட்டுகிறேன். பாசி வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.