“6,500 கொடுத்தால்தான் ஹார்ட் டிஸ்க்”: கடைக்காரர் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: மேலூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேசையில் இருந்து விழுந்து, ‘டிக் டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. மகளின் கல்யாணப் படங்கள், காலமான என் மாமனார் பேசிய வீடியோக்கள் எல்லாம் அதில்தான். மதுரை பெரியார் பஸ் நிலையம் பக்கம் ஒரு கடையில் கொடுத்தோம். “டேட்டா எடுத்தால் 8,000, முடியாவிட்டால் செக்கிங் சார்ஜ் 500 மட்டும்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இப்போது, “பிரித்துப் பார்த்தோம், வரவில்லை. 6,500 கட்டிவிட்டு எடுத்துப் போங்கள்” என்கிறார்கள். ரசீதில் “டேட்டா இழப்புக்குக் கடை பொறுப்பல்ல” என்று அச்சடித்திருக்கிறது. படங்களை அவர்கள் காப்பி எடுத்திருப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, நஷ்டஈடு எல்லாம் அப்புறம். முதலில் டிஸ்க் உங்கள் கைக்கு வர வேண்டும், அதுவும் இன்னொரு முறை கரண்ட் கொடுக்காமல். விழுந்தபின் டிக் டிக் என்று அடித்தால் பெரும்பாலும் உள்ளே படிக்கும் ஹெட் சேதமாகியிருக்கும். ஓட்ட ஓட்ட அது டேட்டா பதிந்திருக்கும் தகட்டைச் சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் இருந்த படத்தை டேட்டா மீட்கும் எந்த லேபும் திருப்பித் தர முடியாது. உங்கள் மாமனாரின் குரலை நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவும் மீட்டுத் தராது. அதனால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில், “டிஸ்கை இனி ஓட்ட வேண்டாம், பிரிக்க வேண்டாம், உதிரிபாகம் எதுவும் மாற்ற வேண்டாம்” என்று அனுப்பிவிடுங்கள்.

அவர் பிடித்து வைக்கலாமா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 170-ன்படி, ஒப்படைத்த பொருளில் ஒத்துக்கொண்டபடி வேலை செய்தவர், அதற்குரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் உரிய கூலி எவ்வளவு என்பதை அவரே அனுப்பிய மெசேஜ் சொல்கிறது. டேட்டா வரவில்லை, ஆகவே 500. அந்த 500-ஐ ஜிபேயில் அனுப்பி, “பேசியபடி செக்கிங் சார்ஜ்” என்று குறிப்பு எழுதுங்கள். அதற்குப் பிறகும் தராவிட்டால், தராமல் வைத்திருக்கும் காலத்தில் டிஸ்குக்கு ஏற்படும் சேதத்துக்குப் பிரிவு 161-ன்படி அவர்தான் பொறுப்பு.

நஷ்டஈடு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டேட்டா வரவில்லை என்பது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகாது. நல்ல லேபிலும் சில டிஸ்க் கைவிரிக்கும். உங்கள் வழக்கு நிற்கப்போவது அவர் எப்படிப் பிரித்தார் என்பதில். ஹெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி நுழையக்கூட இடமில்லை. அதனால்தான் இந்த வேலையைத் தூசி வடிகட்டிய ‘கிளீன் ரூம்’ அல்லது அதற்கான கேபினெட்டில் செய்வார்கள். ஃபேன் சுற்றும் கடை மேசையில், உங்களிடம் கேட்காமல் மூடியைக் கழற்றியிருந்தால் அது கவனக்குறைவு. ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்கிறது பிரிவு 151. ரசீதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் “பொறுப்பல்ல” என்ற வரியை எதிர்த்தரப்பு நிச்சயம் காட்டும். ஆனாலும் தானாக வரும் இழப்புக்குத்தான் அது பொருந்தும், கடைக்காரரின் கவனக்குறைவுக்குப் பொருந்தாது என்று உறுதியாக வாதாடலாம்.

ஆகவே டிஸ்கைத் திரும்ப வாங்கும்போது கவுன்டரிலேயே நின்று நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஸ்க்ரூ மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, மூடி விளிம்பில் நெம்பிய தடம் இருக்கிறதா, சீரியல் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பிறகு நேராக முறையான லேபுக்குக் கொண்டுபோய், அவர்கள் பார்த்ததை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தகட்டில் கைரேகையோ தூசியோ இருந்தால் அந்தக் காகிதம்தான் உங்கள் முக்கிய சாட்சி. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இணைப்பது நல்லது.

வக்கீல் நோட்டீஸ் ஒன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கோர்ட் பீஸ் கிடையாது, இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். டிஸ்கின் விலை, லேப் செலவு, மன உளைச்சல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நினைவுகளுக்கு விலை போட்டு லட்சக்கணக்கில் கேட்டால் மனு கனக்குமே தவிர, கிடைப்பது அதிகமாகாது.

காப்பி பற்றிய பயம் நியாயமானதே. “எங்களிடம் நகல் எதுவும் இல்லை” என்று கடையின் முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியே விடுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக முறை என்கிறது. ஆதாயத்துக்காகவோ கெடுதல் செய்யவோ வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 72ஏ-யின் கீழ் 3 ஆண்டு வரை சிறை உண்டு. படம் எங்காவது தென்பட்டால் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள்.