புரத பிலிம் (ஜெலட்டின், கேசின் போன்ற புரதக் கரைசலை ஊற்றிக் காயவைத்த மெல்லிய தாள்): இந்த முறை வந்த கேள்விகள்

கே: ஜெலட்டினில் பிலிம் ஊற்றினேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஏன்?

கிளிசரின் எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவே இல்லையே! வெறும் ஜெலட்டின் காய்ந்தால் நொறுங்கத்தான் செய்யும். புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நடுவே புகுந்து தளர்த்துவதுதான் கிளிசரினின் வேலை. 100 கிராம் ஜெலட்டினுக்கு 25, 30 கிராம் என்று தொடங்குங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள்.

கே: 30 சதவீதம் கிளிசரின் போட்டேன். கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

30 சதவீதம் எதில்? ஜெலட்டின் எடையிலா, மொத்தக் கரைசலிலா? கரைசலில் என்றால் ஜெலட்டினைவிடச் சில மடங்கு கிளிசரின் ஊற்றியிருக்கிறீர்கள், அது எப்படிக் காயும்? ஜெலட்டின் எடையில்தான் என்றால் காற்றின் ஈரம் காரணம், கிளிசரின் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோர ஊரில், மழைக்காலத்தில் 20-க்கு இறக்குங்கள். ஊரின் ஈரப்பதத்தைச் சொல்லாமல் பிலிமைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. சோதனைக்கூடத்தில் 50 சதவீத ஈரப்பதத்தில் ஓரிரு நாள் வைத்துவிட்டு அப்புறம்தான் இழுத்துப் பார்ப்பார்கள்.

கே: நன்றாகக் கரையட்டும் என்று ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். வலுவே இல்லை.

கொதிக்க விடாதீர்கள், சங்கிலி அறுந்துவிடும். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து 50, 60 டிகிரியில் கரைத்தால் போதும். காய வைப்பதும் நிழலில்தான். ஆறிக் கட்டியாகும்போது பிரிந்த சங்கிலிகள் மறுபடி மூன்று மூன்றாக, முப்புரியாக முறுக்கிக்கொள்கின்றன, பிலிமின் வலு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஜெலட்டின் வருவது தோல், எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து; கொலாஜனின் அந்த முப்புரி அமைப்பை 1954-ல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஜெலட்டினைக் கையில் எடுக்கிற நம் மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கே: பாலில் வினிகர் விட்டுத் திரிய வைத்தேன். வந்த கட்டி தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது.

கரையாது. பிஹெச் (அமில, கார அளவு) 4.6 பக்கம் பால் புரதமான கேசின் கரையாது, அதனால்தான் திரிந்தது. நன்றாகக் கழுவி, ஆப்ப சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 7-க்குக் கொண்டுவாருங்கள். கொழுப்பு நீக்கிய பால்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வரும்.

கே: சாதாரணப் பை மாதிரி தண்ணீர் தாங்க வேண்டும். புரதச் சங்கிலிகளைப் பிணைக்கும் குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனம் போட்டு இறுக்கி 'மக்கும் பை' என்று விற்கலாமா?

இந்தக் கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. புரத பிலிம் ஆக்சிஜனை அருமையாகத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. மாத்திரை கேப்சூல், சாசேஜுக்குக் கொலாஜன் உறை, எண்ணெய்ப் பண்டத்துக்கு உள்ளுறை என்று அதற்கேற்ற வேலைகள் இருக்கும்போது மழையில் தூக்கிப்போகும் காய்கறிப் பையாக்க ஏன் இந்தப் பிடிவாதம்?

சரி, ஆல்டிஹைடுக்கு வருவோம். அது புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்து சங்கிலிகளைப் பூட்டும், கரைவது குறையும், உண்மைதான். ஆனால் எவ்வளவு பூட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு நுண்ணுயிர்களின் நொதியும் உள்ளே நுழையத் திணறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற காலலித் என்ற பிளாஸ்டிக், பால் கேசினை ஃபார்மலின் என்ற ஆல்டிஹைடுக் கரைசலில் ஊறவைத்து இறுக்கியதுதான். அதில் செய்த பட்டன்களைப் பழம்பொருள் சேர்ப்பவர்கள் இன்றும் முழுசாக வைத்திருக்கிறார்கள். மூலப்பொருள் மக்கும் என்பது வேறு, அதிலிருந்து செய்த பொருள் மக்கும் என்பது வேறு. மக்கும் பிளாஸ்டிக்குக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 17088 கேட்பது 180 நாளுக்குள் 90 சதவீதக் கார்பன் கரியமில வாயுவாக மாறியதற்கான அளவீடு, அதுவும் 58 டிகிரி சூட்டில் இருக்கும் மக்கு உரத்தில் வைத்துப் பார்த்தது. பூந்தொட்டியில் புதைத்தேன், காணவில்லை என்று படம் அனுப்புவது சான்றாகாது, அது வெறுமனே கரைந்துகூடப் போயிருக்கலாம். மிச்ச ஆல்டிஹைடு உணவில் இறங்கும் ஆபத்து தனி. இறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிரான்ஸ்குளுட்டாமினேஸ் நொதி இருக்கிறது, தோல் பதனிடுபவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் இருக்கிறது. அப்போதும் பிலிம் தண்ணீரில் உப்பத்தான் செய்யும். எடை போடுங்கள், சோதியுங்கள், அப்புறம் லேபிள் அடியுங்கள்.

கே: மீன் ஜெலட்டின் ஆகுமா?

திலாப்பியா போன்ற வெப்பமண்டல மீன் என்றால் ஏறக்குறைய மாட்டு ஜெலட்டின் போலவே நடந்துகொள்ளும். காட் போன்ற குளிர்கடல் மீனின் ஜெலட்டின் நம் அறை வெப்பத்தில் கட்டியே ஆகாது.

கே: கோழி இறகில் வீட்டிலேயே செய்யலாமா?

வேண்டாம். இறகின் புரதமான கெரட்டினின் கந்தகப் பிணைப்பை உடைக்கும் ரசாயனங்களைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.