இம்பீச் ஆன அதிபர் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? – அமெரிக்க அரசு பற்றி வாசகர் கேள்விகள்

டிரம்ப்பை இரண்டு தடவை பதவி நீக்கம் செய்தார்கள் என்று படித்தேன். பிறகு எப்படி முழு நாலு வருஷமும் அதிபராக இருந்தார்?

தப்பு உங்கள் மேல் இல்லை, தலைப்பு போட்டவர் மேல். 'இம்பீச்மென்ட்' என்பதைப் 'பதவி நீக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது குற்றப்பத்திரிகை மாதிரிதான். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். விசாரித்து முடிவு சொல்வது மேலவையான செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு பேர் 'குற்றவாளி' என்று சொன்னால்தான் நாற்காலி போகும். இதுவரை அப்படி எந்த அதிபருக்கும் போனதில்லை. ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் ஒரே ஓட்டில் தப்பினார்: எதிராக 35, ஆதரவாக 19. இன்னும் ஒருவர் சேர்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். கிளிண்டனும் தப்பினார். டிரம்ப்பின் இரண்டாவது விசாரணை முடிந்தது 2021 பிப்ரவரியில். அதற்குள் அவர் பதவிக்காலமே முடிந்துவிட்டது. நிக்சன் பெயரைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவர் இம்பீச் ஆகவே இல்லை. சபை ஓட்டுப் போடும் முன்பே, 1974 ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டார்.

அமெரிக்க மந்திரிகளும் எம்.பி.க்கள்தானே?

இல்லை. ஒரே ஆள் இரண்டு நாற்காலியிலும் உட்காரக் கூடாது என்று அரசியல் சாசனமே தடுக்கிறது. மார்கோ ரூபியோ 2025இல் வெளியுறவு அமைச்சரானபோது செனட்டர் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார். துணை அதிபர் மட்டும் விதிவிலக்கு: செனட்டுக்குத் தலைவர் அவர்தான், ஆனால் ஓட்டு சரிசமமாக நிற்கும்போது மட்டுமே அவர் ஓட்டுப் போடலாம். இதில் சாதனை, துளசேந்திரபுரத்தில் பூர்வீகம் உள்ள கமலா ஹாரிஸுடையது: 33 தடவை. அதற்கு முந்தைய சாதனை ஜான் கால்ஹூனின் 31.

காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போட்ட சட்டத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்கிறதே, அந்த அதிகாரம் சாசனத்தில் எங்கே இருக்கிறது?

நேரடியாக எங்கேயும் எழுதவில்லை! எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1800 தேர்தலில் தோற்ற ஜான் ஆடம்ஸ், கிளம்பும் நேரத்தில் தன் கட்சிக்காரர்களை நீதித் துறைப் பதவிகளில் வரிசையாக நியமித்தார். அவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி. வாஷிங்டனில் சின்ன வழக்குகளைப் பார்க்கும் சாதாரண 'அமைதி நீதிபதி' வேலை. நியமன உத்தரவில் அதிபர் கையெழுத்துப் போட்டாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று. ஆனால் உத்தரவு அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. புது அதிபர் ஜெபர்சன் வந்ததும் 'கொடுக்காதே' என்றுவிட்டார். மார்பரி நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1789ஆம் வருஷச் சட்டப்படி அங்கே நேரடியாக உத்தரவு கேட்கலாம் என்பது அவர் வாதம்.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். வேடிக்கை என்னவென்றால், அந்த உத்தரவில் முத்திரை குத்திவிட்டு அனுப்பாமல் விட்ட வெளியுறவு அமைச்சரும் அவர்தான்! இன்றாக இருந்தால் வழக்கிலிருந்து விலகச் சொல்லி ஊரே கத்தியிருக்கும்.

'உத்தரவைக் கொடு' என்றால் ஜெபர்சன் மதிக்கப் போவதில்லை. 'முடியாது' என்றால் பயந்துவிட்டார் என்பார்கள். மார்ஷல் மூன்றாவது வழி கண்டுபிடித்தார். மார்பரிக்கு உரிமை உண்டு, அரசு செய்தது தப்பு. ஆனால் நேரடியாக இங்கே வரலாம் என்று சொல்லும் அந்தச் சட்டப் பிரிவு சாசனத்துக்கு முரண், ஆகவே செல்லாது. 1803 பிப்ரவரி 24இல் வந்த இந்தத் தீர்ப்பில் ஜெபர்சன் வழக்கை ஜெயித்தார், நீதிமன்றமோ அதைவிடப் பெரிய ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. மார்பரிக்கு வேலை கிடைக்கவே இல்லை. காங்கிரஸ் போட்ட சட்டம் ஒன்றை நீதிமன்றம் அடுத்து ரத்து செய்தது 1857இல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். அதுவும் அடிமை முறைக்குச் சாதகமாக; அந்த நீதிமன்றத்தின் பெயரை இன்றுவரை கெடுக்கும் தீர்ப்பு.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஓய்வு வயது என்ன?

கிடையாது. நன்னடத்தை உள்ளவரை பதவி. ஒன்பது பேர் என்பதும் சாசனத்தில் இல்லை. 1869இல் சட்டம் போட்டு வைத்த எண்ணிக்கை.

செனட்டில் 51 பேர் இருந்தால் போதாதா? 60, 60 என்கிறார்களே?

மசோதாவை நிறைவேற்ற 51 போதும். ஆனால் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்கு வரவே பெரும்பாலும் 60 பேர் வேண்டும். பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிக்கும் இந்த உத்திக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். 1957இல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் கறுப்பின மக்களின் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிஷம் பேசினார். மசோதா நிறைவேறிவிட்டது என்பது வேறு விஷயம். இப்போது யாரும் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை, மிரட்டினாலே போதும். பட்ஜெட் சார்ந்த சில மசோதாக்களுக்கும் நீதிபதி நியமனங்களுக்கும் இந்த 60 தேவையில்லை. இது சாசனமும் இல்லை, செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. நினைத்தால் மாற்றலாம். நாளை சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கட்சியுமே முழுதாகக் கை வைப்பதில்லை.

'ஷட்டவுன்' என்றால் ராணுவமும் லீவா?

இல்லை. செலவுக்கான மசோதா நிறைவேறாவிட்டால் அத்தியாவசியம் அல்லாத பணிகள்தான் நிற்கும். ராணுவம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு எல்லாம் ஓடும்; சம்பளம் மட்டும் பிறகுதான். 2025இல் 43 நாள் இப்படி நடந்தது. பணம் ஒதுக்க வேண்டிய காங்கிரஸ் உறுப்பினர்களுக்கோ சம்பளம் நிற்காது. அதற்கு நிரந்தர ஒதுக்கீடு இருக்கிறது.